இரண்டாவது தலையணை

ஊர் முழுவதற்கும் நேரத்தைச் சரிசெய்து கொடுத்த கடிகாரக்காரர் இறந்ததும், அவர் வீட்டுச் சாமான்களை அண்ணன் மகன் அருங்காட்சியகத்துக்குத் தானமாகக் கொடுத்தான். "திருமணமாகாத கலைஞரின் அறை" என்று காட்சிக்கு வைத்தோம். கட்டில் ஒன்று, தலையணை இரண்டு. விளக்க அட்டை எழுதுவது என் வேலை. உயரதிகாரிகளின் ஆழ்ந்த ஆலோசனைக்குப் பிறகு இரண்டாவது தலையணைக்கு எழுதினேன்: "விருந்தினருக்கானது."

மூன்றாம் நாள் எங்கள் ஊர் முடிதிருத்துபவர் வந்து அட்டையைப் படித்தார்.

"முப்பது வருஷம் தங்கின விருந்தாளியை எங்கயாவது பாத்திருக்கீங்களா சார்? சரி போகட்டும். கடிகாரக்காரர் தலையணையை மட்டும் குடுங்க. அது இல்லாம தூக்கம் வரல."

இயக்குநர் படிவத்தைப் புரட்டினார். "மனைவி, மகன், மகள், சகோதரன். இதுல நீங்க யாரு?"

"கூட இருந்தவன்."

"அந்தக் கட்டம் இல்லையே."

முடிதிருத்துபவர் என் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டம்மா தவறிப்போனப்ப எத்தனை படிவம் கேட்டாங்க?"

ஒன்றுகூடக் கேட்கவில்லை. நான் பென்சிலைச் சீவினேன்.

அடுத்த மாதம் தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது: "அருங்காட்சியகம் என்றால் என்ன என்று மறுசிந்தனை செய்க. மறைக்கப்பட்ட தன்பாலின வாழ்வுகளை மாத இறுதிக்குள் வெளிக்கொணர்க. குறைந்தபட்சம் ஒன்று."

இயக்குநர் சலூனுக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

"அண்ணே, நீங்கதான் எங்க மானத்தைக் காப்பாத்தணும்."

"தலையணை?"

"பதிவான பொருள் வாசலைத் தாண்டக் கூடாதுண்ணே. ஆனா ஜோடிப் பொருளைப் பிரிக்கக் கூடாதுன்னும் ஒரு விதி இருக்கு."

"அப்ப என்னையும் பதிஞ்சிருங்க."

பதிந்தோம். பொருள்: முடிதிருத்துபவர். நிலை: நன்று, இடது முழங்காலில் தேய்மானம். குறிப்பு: கடிகாரக்காரரின் இணை, பிரிக்கக் கூடாது. மனிதனாக வந்தபோது இல்லாத கட்டம், பொருளானதும் கிடைத்துவிட்டது. அன்று மதியமே அந்தத் தலையணையில் குறட்டை விட்டுத் தூங்கினார். "சத்தமெல்லாம் கூட வருதே!" என்று பார்வையாளர்கள் கைதட்டினார்கள்.

ஆண்டுத் தணிக்கைக்கு வந்தவர் பதிவேட்டில் விரலை ஊன்றினார். "இணைன்னா இன்னொண்ணு எங்கே?"

"செத்துட்டார் சார்" என்றேன்.

"பொருள் எப்படிய்யா சாகும்? காணோம்னா யாரோ பிரிச்சிருக்காங்க. பிரிச்சவங்க பேரை எழுது."

முடிதிருத்துபவர் கண்ணைத் திறக்காமலே சொல்லச் சொல்ல எழுதினேன். 'சொந்தக்காரங்க மட்டும்' என்று கடைசி நாலு நாளும் வாசலிலேயே நிறுத்திய ஆஸ்பத்திரிக் காவலாளி. செத்த மறுநாளே வீட்டுப் பூட்டை மாற்றிய அண்ணன் மகன். ஜன்னலோரம் நின்று சிரித்த தெரு, வீடு வீடாக. கட்டம் போதவில்லை. தனித்தாள் இணைத்தேன்.

"அவ்வளவுதானா?" என்றார் தணிக்கையாளர்.

"இன்னொருத்தர் இருக்கார்" என்றார் கட்டிலில் இருந்தவர். "அந்த அட்டையை எழுதினவர். கையெழுத்து ரொம்ப அழகு."

கடைசி வரியில் என் பெயரை எழுதினேன். கையெழுத்து அழகாகத்தான் இருந்தது.