கோட்டுக்கு வெளியே சின்னதுரை

"இன்னா சார், நான் உள்ள நின்னுக்கினு இருக்கேன், உன் டிவியில வெளிய நிக்கிறேனே?" என்றான் சின்னதுரை.

இம்மானுவேல் எட்டிப் பார்த்தான். சின்னதுரையின் கால் கபடிக் களத்தின் வெள்ளைக் கோட்டுக்கு உள்ளேதான் இருந்தது. கம்ப்யூட்டர் திரையிலோ அவனுக்கான சிவப்புப் புள்ளி கோட்டைத் தாண்டி ஓரடி தள்ளி ஒய்யாரமாக நின்றது.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் தொழிற்சாலை ஒன்றின் பழைய கிடங்குக்குள் அந்தக் களம். தொழிற்சாலை அணி ஆட்டக்காரர்களின் இடுப்பில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி. கிடங்கின் மூலைக்கு ஒன்றாகக் கம்பத்தில் கட்டிய பெட்டிகள் அதன் சிக்னலைப் பிடித்து, யார் எங்கே நிற்கிறார் என்று திரையில் காட்டும். களத்தின் படம் விதிப்புத்தக அளவில் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. அரையடிகூடத் தவறாது என்று விளம்பரம் செய்திருந்தார்கள்.

இம்மானுவேல் நிரந்தர வேலையை உதறிவிட்டு இந்தக் கருவி செய்யும் சின்னக் கம்பெனியில் சேர்ந்தவன். ஆர்டர் கிடைக்காவிட்டால் திரும்பி வர வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். வேலை போவதைவிட, அதை மாமனாரிடம் சொல்ல வேண்டுமே என்பதுதான் அவனுக்குப் பெரிய கவலை. மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று யார் கேட்டாலும், "கம்பியில்லாத வேலையாம். சம்பளமாவது கண்ணுக்குத் தெரியுதான்னு கேட்டுக்கினு இருக்கேன்" என்பார் அந்த மனிதர்.

"தகரச் செவுரு. சிக்னல் பட்டுத் திரும்புது" என்றான் இம்மானுவேல்.

"அதுக்கு இன்னா பண்ணணும் சார்?" என்றார் அப்பாவு. தொழிற்சாலையின் பெயின்டர். ஏணி பிடிக்க அவரைத்தான் கொடுத்திருந்தார்கள்.

"சாக்கு கட்டணும்ண்ணே."

அப்பாவு எங்கிருந்தோ ஒரு வண்டிச் சாக்கு கொண்டு வந்து சுவர் முழுக்கக் கட்டினார். மிளகாய் மூட்டைச் சாக்கு. ஆட்டம் தொடங்கியதும் "கபடி கபடி" என்று பாடிப்போனவன் பாதியில் தும்மினான். பிடிக்க வந்தவர்களும் தும்மினார்கள். கடைசியில் நடுவர் விசில் ஊத முடியாமல் தும்மினார். சிவப்புப் புள்ளி மட்டும் தும்மாமல் கோட்டுக்கு வெளியிலேயே நின்றது.

சாக்குகளைக் கழற்றிவிட்டு, கம்பங்களைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தான்.

"சார், நான் இப்ப எங்க கீறேன்?" என்று களத்தின் நடுவிலிருந்து கத்தினான் சின்னதுரை.

"கேன்டீன்ல."

"அப்படியே ஒரு வடை எடுத்தாரட்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். இம்மானுவேலுக்கு அவமானமாக இருந்தது. கம்பங்களைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தான். புள்ளியும் பழையபடி கோட்டுக்கு வெளியே வந்தது. மறுநாள் தொழிற்சாலை முதலாளி தணிகாசலம் பார்க்க வருகிறார். வேறு வழி தெரியாமல் ஒரு காரியம் செய்தான். கம்ப்யூட்டரில் கருவி காட்டும் தூரத்தையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிக்கொண்டே வந்தான். புள்ளி நகர்ந்து நகர்ந்து கோட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. மறுபக்கக் கோட்டில் ஓர் ஆளை நிறுத்திப் பார்த்தான், அங்கேயும் சரி.

"இப்ப கரெக்டா காட்டுது சார்!" என்றான் சின்னதுரை. அன்றைக்குத்தான் இம்மானுவேல் வயிறாரச் சாப்பிட்டான்.

மறுநாள் தணிகாசலம் வந்தார். ஆட்டம் நடந்தது. கால் எங்கே போனதோ புள்ளியும் அங்கே போனது. கோட்டைத் தொட்டவனைத் திரையும் தொட்டதாகக் காட்டியது. முதலாளி திருப்தியாகத் தலையாட்டினார். வீட்டுக்குப் போகும் வழியில் மாமனாருக்கு ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கிப் போக வேண்டும் என்று இம்மானுவேல் முடிவு செய்துகொண்டான்.

"எல்லாம் சரி தம்பி. நான் இரும்புக்காரன். அளந்து பார்க்காம எதையும் வாங்கினதில்ல" என்று தணிகாசலம் பையிலிருந்து டேப்பை எடுத்தார். இரண்டு ஆட்டக்காரர்களைத் தள்ளித் தள்ளி நிற்கவைத்து, அவரே குனிந்து அளந்தார்.

"டேப்புல பதினெட்டு அடி. உன் மெஷின் இன்னா சொல்லுது?"

"பதினேழு அடி சார்."

"ஓரடி முழுங்குது. இதுக்கு நான் ஆர்டர் வேற குடுக்கணுமா?"

அவர் கார் கிளம்பிப் போயிற்று. இம்மானுவேல் கம்பத்தடியில் உட்கார்ந்துவிட்டான். கண் கலங்கியது. அப்பாவு ஒரு டீயோடு வந்து பக்கத்தில் குந்தினார்.

"உட்டுத் தள்ளு சார். மெஷினை நம்பியா நாங்க கப்பு அடிக்கப் போறோம்? போன வருசம் சின்னதுரை காலு ரெண்டு தபா கோட்டுக்கு வெளியே போயிதான் தோத்தோம். அதான் இந்த வருசம் பெயின்ட் அடிக்கச் சொல்ல, யாருக்கும் தெரியாம ரெண்டு பக்கமும் கோட்டை ஒரு ஒரு அடி வெளியே தள்ளிப் போட்டுட்டேன்."