மசாயில் பிறந்த மழை

"மசாய்! மசாய்!" என்று தாதி கூப்பிட்டார். கிளினிக்கில் காத்திருந்த இருபது பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஊர்ப் பெயரே மசாய்; எல்லாரும் மசாய்க்காரர்கள்தான்.

லோஷினி குழந்தையோடு எழுந்தாள். "மசாய் இல்ல மிஸ்ஸி, மழை. என் பொண்ணு பேரு."

"எம், ஏ, இசட், எச், ஏ, ஐன்னு எழுதியிருக்கு. வேற எப்படிப் படிக்கிறது?"

"அடுத்த பிள்ளைக்குப் பக்கத்து ஊரு பேரு, பாசிர் கூடாங்னு வைப்பாங்க லா" என்றார் பின்னால் ஒருவர். கிளினிக்கே சிரித்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் கணவன் குணாளன் குழந்தையின் கிளினிக் அட்டையில் இருந்த எழுத்தை அழித்தான். இசட்டும் எச்சும் போய், எல் வந்தது.

அடுத்த முறை தாதி அட்டையைப் பார்த்துவிட்டுக் குழந்தையைப் பார்த்தார். "பேரு கேட்டா மலாய்னு எழுதியிருக்கீங்க? இனம் கீழ எழுதணும்மா. அதோட, நீங்க இந்தியர்தானே?"

லோஷினி அங்கேயே பேனா வாங்கிப் பழைய எழுத்துகளைத் திரும்பப் போட்டாள்.

இந்தச் செய்தி கூலாய் ஊர் வரை போனது. அங்கே குணாளனின் அக்கா சந்திரமதி இருந்தாள். அவளுக்கும் பெண் குழந்தைதான், இரண்டு வாரம் மூத்தது. நாற்பது பெயர்களைப் பார்த்துக் கழித்தும் அதற்கு இன்னும் ஒன்றும் அமையவில்லை. ஆனால் தினமும் போன் பண்ண நேரம் அமைந்தது.

"லோஷினி, உன் பொண்ணு ஸ்கூலுக்கு லீவு போட்டா டீச்சர் என்னா சொல்லுவாங்க? 'இன்னிக்கு மழை வரல'ம்பாங்க!"

"சொல்லட்டும் அண்ணி."

"சளி பிடிச்சா மழையில மழை நனைஞ்சிருச்சும்பியா? விட்டுடும்மா. சாதாரணமா ஏதாச்சும் வை. கேக்கவே கூச்சமா இருக்கு."

லோஷினி விடவில்லை. பிரசவ வார்டில் வலி தாங்காமல் கத்தியபோது அவளோடு சேர்ந்து கத்தியது அன்று கொட்டிய மழை ஒன்றுதான். குணாளன் வெளியே பார்க்கிங் தேடிக்கொண்டிருந்தான்.

முப்பதாம் நாள் விருந்தில் எல்லார் வாயையும் அடைக்க, பெயர் எழுதிய பெரிய கேக்குக்குச் சொன்னாள். தப்பு வரக்கூடாதென்று கடைக்காரருக்கு நிறுத்தி நிறுத்திக் குரல் பதிவே அனுப்பினாள். கேக் வந்தது. பச்சை கிரீமில், வெள்ளை எழுத்தில், 'செலாமாட் டாத்தாங் மசாய்', அதாவது மசாய்க்கு நல்வரவு. ஊருக்குள் நுழையும்போது சாலையில் நிற்கும் பலகை மாதிரியே.

சந்திரமதி அதை ஏழு படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டாள்.

விருந்து முடிந்ததும் குணாளன் மெதுவாக ஆரம்பித்தான். "பேசாம வேற பேரு பாக்கலாமா?"

"ஃபேக்டரியில உங்கள எப்படிக் கூப்பிடுறாங்க?"

"கூனான்னு."

"நீங்க பேர மாத்திக்கிட்டீங்களா?"

அவன் மிச்சக் கேக்கைத் தின்னப் போய்விட்டான்.

"சொல்ல வராதவங்க நாக்கத் திருத்திக்கட்டும். நான் பேரத் திருத்த மாட்டேன்" என்று அவன் முதுகைப் பார்த்துச் சொன்னாள் லோஷினி.

மறுநாள் மதியம் குழந்தையை அவனிடம் கொடுத்துவிட்டுத் தனியாகப் பதிவு அலுவலகத்துக்குக் கிளம்பினாள். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் சைஃபுல்லா என்பவர் விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை பேரு என்னக்கா?"

"மழை" என்றாள், சண்டைக்குத் தயாராக. "எம், ஏ, இசட்..."

"எச், ஏ, ஐ" என்று அவரே முடித்து, பிழையில்லாமல் எழுதினார்.

லோஷினிக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மாதத்தில் முதல் மனிதர். "கரெக்டா எழுதிட்டீங்களே! எப்படிண்ணே?"

"காலையிலதான்கா கூலாய்லேர்ந்து ஓர் அக்கா வந்து, அவங்க பொண்ணுக்கு இதே பேரப் பதிஞ்சிட்டுப் போனாங்க, 'தம்பி பொண்டாட்டிய ஒரு மாசமா கிண்டல் பண்ணிப் பாத்துட்டேன், விட்டுக்கொடுக்க மாட்டேங்கிறா, அதான் முந்திக்கிட்டேன்'னாங்க!"