ஐம்பதில் ஓய்வு, கையில் ஸ்க்ரூ டிரைவர்

விருப்ப ஓய்வுக்காரர் என்றொரு வர்க்கம் உண்டு, வாசகரே. வயதாகி ஓய்வு பெற்றவரோடு இவரைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவருக்கு முழங்கால் வலி இருக்கிறது. பொழுது அதிலேயே போய்விடும். இவருக்கோ ஐம்பது வயது, கல்லைத் தின்றாலும் செரிக்கும் வயிறு, பத்து மணி நேரம் நிற்கக்கூடிய கால். வேலைதான் இல்லை. "போதும்ப்பா, இனிமே எனக்காக வாழப்போறேன்" என்று பிரிவுபசாரக் கூட்டத்தில் கேக்கை வெட்டிக்கொண்டே முழங்கியவர், பதினோராம் நாள் காலை பத்தரை மணிக்கு, வாழ்ந்தாயிற்று, அடுத்து என்ன என்று சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நம்மவர் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் இயந்திரப் பராமரிப்பைக் கவனித்தவர். அக்கம்பக்கத்தில் சூப்பர்வைசர் என்றால்தான் தெரியும். அவருக்கு ஒரு கொள்கை: கெட்ட பிறகு ரிப்பேர் பார்ப்பவன் சோம்பேறி, கெடுவதற்கு முன்பே பார்ப்பவன்தான் மெக்கானிக். தொழிற்சாலைக்குச் சரி. வீட்டுக்கு?

முதலில் மிக்ஸியைப் பிரித்தார். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் அவருக்குச் சந்தேகம். அடுத்து வாஷிங் மெஷினைப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் துடைத்து, எண்ணெய் போட்டு, எண் எழுதிய சீட்டு ஒட்டி, படுக்கையறைத் தரை முழுக்கப் பரப்பி, திரும்ப மாட்டி முடித்தபோது கையில் நான்கு திருகுகள் மிச்சமிருந்தன. மனிதர் அசந்தாரா? "கம்பெனிக்காரன் தேவையில்லாம நாலு போட்டிருக்கான்" என்றார். அன்று மாலை அந்த மெஷின் சமையலறை வரை நடந்தே வந்தது.

எதிர்வீட்டு அழைப்பு மணி கரகரப்பதாக அவர் காதுக்குப் பட்டது. அந்த வீட்டுக்காரர் வெளியூர் போன நேரம் பார்த்துச் சரிசெய்து வைத்தார். அதன்பின் மணியை அழுத்தினால் வாசல் விளக்கு அணைந்தது.

"உங்கள யார் சார் பாக்கச் சொன்னது?"

"யாரும் சொல்ல வேண்டாம் சார். எனக்குக் காது இருக்குல்ல?"

நம்மவர் மனைவிக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை, எட்டேகாலுக்குப் பஸ். நாளெல்லாம் வீங்கிய கன்னங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், இஸ்திரிப் பெட்டி நாலு துண்டாகக் கிடந்தது. பொறுமை போயிற்று.

"இனிமே நல்லா இருக்கற எதையாவது தொட்டீங்க, நான் எங்கக்கா வீட்டுக்குப் போயிடுவேன். சும்மா மிரட்டறேன்னு நினைக்காதீங்க."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"கெட்டுப்போனா சொல்றேன். அப்பப் பாருங்க."

கெட்டால்தானே? ஒரு வாரம் வீட்டில் ஒன்றும் கெடவில்லை. பேப்பரை வரி விளம்பரம் வரை படித்தார். ஒரே காலையில் இரண்டு முறை குளித்தார். செவ்வாயா புதனா என்று காலண்டரைப் பார்த்தும் நம்பாமல் மனைவிக்குப் போன் போட்டுக் கேட்டார். வியாழன் என்று பதில் வந்தது. தொழிற்சாலையில் ஒரு மெஷின் நின்றால் நாற்பது பேர் அவரைத் தேடுவார்கள். இங்கே அவரே நின்று போயிருந்தார், தேடத்தான் ஆளில்லை. சிரிக்காதீர்கள். சனிக்கிழமை மாலை மனைவி உள்ளே வந்தபோது, மின்விசிறியை அண்ணாந்து பார்த்தபடி, கை தானாக எழுந்துவிடாமல் இருக்க இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை கெட ஆரம்பித்தது. வாணலிக் கைப்பிடி ஆடியது. மறுநாள் அலமாரிக் கதவு தொங்கியது. அதற்கடுத்து குளியலறைத் தாழ்ப்பாள். "என்னங்க, கொஞ்சம் பாத்து வைங்க, சாயங்காலம் வேணும்" என்று சொல்லிவிட்டு மனைவி பஸ்ஸுக்கு ஓடுவார். நம்மவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஒரு நோட்டுப் போட்டு, புகார் எண், நேரம், காரணம் எல்லாம் எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் தினமும் 'உலோகச் சோர்வு'. தினம் ஒன்று, அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுமுறை விட்டுக் கெடுகிறதே என்று அந்த இருபத்தாறு வருட அனுபவசாலிக்குத் தோன்றவேயில்லை.

ஒரு நாள் காலை நடைக்குக் கிளம்பியவர், கண்ணாடியை மறந்துவிட்டுப் பாதியில் திரும்பினார். சமையலறையில், தோளில் கைப்பையும் காலில் செருப்புமாக, ஒரு கண் கடிகாரத்தின் மேல் வைத்தபடி, மனைவி குக்கர் கைப்பிடியின் திருகைக் காய் நறுக்கும் கத்தியின் முனையால் நெம்பிக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாமலே எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

கோபம் வந்ததா? வந்தது. கத்தி முனையா! திருகின் தலை என்னத்துக்கு ஆகும்? ஆனால் அந்தக் கோபம் முடிவதற்குள், பஸ் போனாலும் போகட்டும் என்று இவள் நமக்கு வேலை உண்டாக்கிக்கொண்டு நிற்கிறாளே என்று கண் கலங்கிவிட்டது. சத்தமில்லாமல் பின்வாங்கி, வாசலில் செருப்பைத் தேய்த்து, இரண்டு முறை இருமிவிட்டு மறுபடி உள்ளே வந்தார்.

"குக்கர் கைப்பிடி ஆடுதுங்க."

"அப்படியா? இப்ப வர்ற சாமானெல்லாம் அப்படித்தான். நீ கிளம்பு, நான் பாத்துக்கறேன்."

குக்கரைச் சரிசெய்தார். நோட்டில் காரணம் 'உலோகச் சோர்வு' என்றே எழுதினார். பிறகு தன் பெட்டியைக் கிளறி, மனைவியின் கைக்கு அடக்கமாக ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரைத் தேர்ந்து, துடைத்து, அந்தக் கத்தி வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

இருக்கட்டும். உங்கள் வீட்டில் எப்படி, வாசகரே? நீங்கள் இல்லாவிட்டால் ஒரு காரியமும் நடக்காது, இல்லையா? தினம் ஏதாவது ஒன்று ஆடிக்கொண்டோ தொங்கிக்கொண்டோ உங்கள் கைக்காகவே காத்திருக்கிறதா? ரொம்ப சந்தோஷம். காலை நடைக்குப் போகும்போது மட்டும், தயவுசெய்து, எதையாவது மறந்துவிட்டுப் பாதியில் திரும்பி வராதீர்கள்.