ஒன்பதாம் நாள் நிபுணர்

பொருள் வாங்குகிறவர்கள் உண்டு, வாங்காதவர்கள் உண்டு. இருவராலும் யாருக்கும் பெரிய தொந்தரவு இல்லை. மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. வாங்கி, பிரித்து, எட்டு நாள் மடியில் வைத்துக் கொஞ்சி, ஒன்பதாம் நாள் காலையில் அதே பெட்டியில், அதே நுரைப் பஞ்சில், அதே மடிப்புக் கலையாமல் திருப்பி அனுப்புகிற இனம். 'பத்து நாளுக்குள் திருப்பித் தரலாம்' என்று எந்தப் புண்ணியவான் கடை விதியில் எழுதி வைத்தானோ, அன்றைக்கே இது பிறந்துவிட்டது. ஒன்பதாம் நாள் நிபுணர் என்று பெயர் வைப்போம். உங்களுக்குத் தெரிந்தவர்தான். அவசரப்பட்டு யாரையும் கை காட்டாதீர்கள்.

நாம் பார்க்கப்போகிற நிபுணர், மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். இருட்டறை, தாடையை வைக்க ஒரு தாங்கி, எதிரே சின்னதாகிக்கொண்டே போகும் எழுத்துகள். வந்தவர் மூக்கின் மேல் இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா... இது தெளிவா?" என்பார். யாராவது தடுமாறி, "ரெண்டும் ஒண்ணாத்தான் சார் தெரியுது" என்றால் பதில் தயார்.

"அப்ப முதல்ல போட்டதுதான். கண்ணை ரொம்ப யோசிக்க விட்டா கலங்கிடும்."

மூன்று நிமிடம். ஆளை அனுப்பிவிடுவார். ஊரார் கண்ணுக்கு மூன்று நிமிடத்தில் தீர்ப்புச் சொல்கிற இந்த மனிதர், வீட்டில் எஸ்பிரெஸோ போட ஒரு காபி அரைக்கும் கருவியைப் பதினான்கு மாதமாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்.

கையால் சுற்றுகிற கருவி. பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன்: குட்டைத் தண்ணீர் பாட்டில் மாதிரி ஓர் உலோகக் குழாய், மேலே கைப்பிடி, உள்ளே இரும்புப் பற்கள், கீழே தூள் விழ ஒரு கிண்ணம். கொட்டையைப் போட்டுச் சுற்ற வேண்டும். அவ்வளவுதான். ஆனால் 'அவ்வளவுதான்' என்று அவர் காதில் விழும்படி சொல்லிவிடாதீர்கள். உங்களை உட்கார வைத்துவிடுவார். தூள் ஒரு நூல் பெருத்தால் காபி, குழாய் உடைந்த மாதிரி கொட்டும், ஒரு நூல் சிறுத்தால் மூக்கு ஒழுகுகிற மாதிரி சொட்டும், ஆகவே தூளின் பருமனை மாற்றும் திருகின் ஒவ்வொரு கிளிக்குக்கும் பல் எவ்வளவு நகர்கிறது என்பதில்தான் மனித வாழ்வே இருக்கிறது என்று தொடங்கி, மின்சாரத்தில் அரைத்தால் என்ன என்று நீங்கள் கேட்டதும் அப்படியே ஒரு பார்வை பார்ப்பார். செருப்போடு படுக்கையில் ஏறியவனைப் பார்க்கிற பார்வை.

ஐந்து கருவிகள் வந்து போயின. முதலாவதில் நடுத்தண்டு ஒரு மயிரிழை ஆடியது. (யாருடைய மயிர் என்று அவர் சொல்லவில்லை.) இரண்டாவதில் இரும்பு வாசனை. மூன்றாவதன் கைப்பிடி கழன்று குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. நான்காவதில் ஒரு குறையும் இல்லை. அதுதான் அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. "குறையே தெரியலைன்னா நாம சரியாப் பார்க்கலைன்னு அர்த்தம்" என்று அதையும் அனுப்பினார். ஐந்தாவது போனதற்குக் காரணம், ஆறாவது என்று ஒன்று இருந்ததுதான்.

பார்சல்காரர் பழகிவிட்டார். பெட்டியை நீட்டும்போதே, "சார், இது தங்குமா, வந்துட்டுப் போகுமா?" என்பார்.

இனி டிரைவரம்மா. நிபுணரின் மனைவி. நகரப் பேருந்து ஓட்டுகிறவர். முதல் நடை காலை ஆறரைக்கு. ஆகவே இரவு எட்டரைக்கே கண் சொருகிவிடும். நிபுணர் கடையை மூடிவிட்டு வீடு சேர ஒன்பதாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இருவரும் கண் திறந்த நிலையில் சந்திப்பது காலை ஐந்தரை முதல் ஆறு வரை, சமையலறை மேஜையில். அந்த அரைமணி நேரத்தையும் போன் தின்றுகொண்டிருந்தது. பட்டியலில் இன்னும் வாங்காத கருவி எட்டையும் கருவி பதினொன்றையும் ஒப்பிட்டு எவனோ ஒருவன் எங்கிருந்தோ நாற்பது நிமிடம் பேசுவான். நிபுணரின் கட்டைவிரல் மேலும் கீழும் போகும்.

"ஏங்க, பின் சக்கரத்துல சத்தம் வருதுன்னு சொன்னேன்ல, பணிமனையில கேக்கவே மாட்டேங்கறாங்க."

"ம்."

"நேத்து பிரேக் சரியாப் பிடிக்கல. பயந்தே போயிட்டேன்."

"ம். நல்லது."

டிரைவரம்மா டிக்காஷனை விழுங்கிவிட்டு வேலைக்குப் போவார்.

ஆனால் ஒரு கருவி வந்து தங்குகிற அந்த எட்டு நாட்கள் இருக்கின்றனவே, அவை வேறு. கருவியின் உடம்பை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கி, ஒரு கையால் அமுக்கி, மறு கையால் சுற்ற வேண்டும். போனை எந்தக் கையால் பிடிப்பது? அது மேஜையில் குப்புறக் கிடக்கும். ஒரு கப்புக்கு இரண்டு நிமிடம் சுற்ற வேண்டும். முதல் கப் கொட்டிவிடும், கிளிக்கைக் குறைத்து மறுபடி சுற்ற வேண்டும். இரண்டு கையும் வேலையாக இருக்கிற மனிதனின் வாய் என்ன செய்யும்? பேசும். டிரைவரம்மாவுக்கு இது தெரியும். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நடை முழுக்கத் தனக்குத்தானே பேசிக்கொண்டு போகிறவர் அவர்.

அந்த நாட்களில் நிபுணர் பேசினார். புதுக் கண்ணாடி போட்டதும் தன் மகள் மூக்கோரத்தில் மச்சம் இருப்பதை முதன்முறையாகப் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லாத ஒரு கொத்தனாரைப் பற்றிச் சொன்னார். பின் சக்கரத்துச் சத்தம் 'கடகட'வா 'கிர்ர்'ரா என்று கேட்டார். பதிலையும் கேட்டார்! ஒன்பதாம் நாள் பெட்டி கட்டப்படும். அப்புறம் மாதக்கணக்கில், "ம்".

காபியா? மருந்து மூடி அளவு, நாக்கைச் சுருட்டுகிற கசப்பு. டிரைவரம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. காபிக்காகவா குடித்தார்?

ஆறாவது கருவி வந்தது. இடுப்பில் பச்சை வளையம். எட்டாம் நாள் காலை நிபுணர் சுற்றிக்கொண்டே சொன்னார்:

"நாளைக்குப் பார்சல்காரரை வரச் சொல்லிட்டேன்."

"இதுல என்னங்க குறை?"

"குறைன்னு இல்லம்மா. இன்னொண்ணு இருக்கு."

பேருந்தில் எதிரே ஒருவன் சந்து பார்த்துப் புகும்போது டிரைவரம்மா ஹாரன் அடிப்பதில்லை; வண்டியை அரையடி முன்னால் நகர்த்துவார். அன்று பிற்பகல் வீட்டுக்கு வந்ததும் மிளகு டப்பாவைத் திறந்தார். ஒரு கை நிறைய அள்ளிக் கருவிக்குள் கொட்டினார். சுற்றினார். காபியைவிட மிளகு என்னமாய் அரைபட்டது தெரியுமா! மூன்று தும்மல் தும்மிவிட்டு, தூரிகையால் துடைத்து, இருந்த இடத்தில் இருந்தபடி வைத்தார். 'காபிக்கொட்டை தவிர வேறெதை அரைத்தாலும் திரும்பப் பெறப்படாது' என்ற விதியை அந்த வீட்டில் அவரும் படித்திருந்தார்.

மறுநாள் அவருக்கு வார விடுமுறை. நிபுணர் வழியனுப்பும் காபி போட்டார். ஒரு மிடறு குடித்தார். கண்ணை மூடினார்.

"அடடா!" என்றார் நிபுணர். "பின்னாடி ஒரு காரம் வருது பாரு. உயரமான மலையில விளைஞ்ச கொட்டைக்குத்தான் இது வரும். பல்லு இப்பத்தான் பதமாயிருக்கு."

நோட்டை எடுத்து எழுதினார்: 'மிளகின் சாயல். மெலிதாக. அபாரம்.'

"அப்ப இதையே வெச்சுக்கலாமே?"

நிபுணர் யோசித்தார். யோசித்தால் கலங்குமே, கலங்கியது. "இதுலயே இவ்வளவு காரம் தெரியுதுன்னா, அதுல இன்னும் தெளிவாத் தெரியுமோ?"

வாசலில் மணி அடித்தது. பார்சல்காரர். நிபுணர் கருவியைப் பெட்டியில் வைத்தார், பஞ்சைச் சுற்றினார், ஒட்டுநாடாவை இழுத்தார்.

"அது மிளகுங்க" என்றார் டிரைவரம்மா.

"அதான் சொன்னேனே, மிளகு மாதிரி."

"மாதிரி இல்ல. மிளகேதான். நேத்து ஒரு கை போட்டு அரைச்சேன்."

நாடா கையோடு ஒட்டிக்கொண்டது. பார்சல்காரர் எட்டிப் பார்த்து மோந்தார். "சார், இதை எடுத்துட்டுப் போனா என்னையும் சேர்த்துத் திருப்பி அனுப்பிடுவாங்க. நான் வரேன் அக்கா." படியில் இறங்கும் வரை சிரிப்பை அடக்கியவர், தெருவில் அடக்கவில்லை.

நிபுணர் நோட்டில் எழுதிய 'அபாரம்' என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன்?" என்றார், மெதுவாக.

"இதைச் சுத்தும்போது மட்டும்தான் நீங்க என்கிட்ட பேசுறீங்க."

டிரைவரம்மா பெட்டியிலிருந்து கருவியை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். "இது தெளிவா?" கருவியை இறக்கிவிட்டுப் போனைப் பிடித்தார். "இல்ல, இது தெளிவா?"

"ரெண்டும்..."

"அப்ப முதல்ல காட்டினதுதான். கண்ணைக் கலங்க விடாதீங்க."

கலங்கித்தான் இருந்தது. மிளகு நெடியாகக்கூட இருக்கலாம், எனக்கென்ன தெரியும்? நிபுணர் உட்கார்ந்தார். கருவியை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கினார். பத்துச் சுற்று சுற்றிய பிறகு கேட்டார்: "அந்தப் பிரேக்... இப்ப பிடிக்குதா?"

மாதம் ஒன்றாகிறது. காபி இன்னும் லேசாகக் காரமாகத்தான் இருக்கிறதாம்.

சரி, நீங்கள் சொல்லுங்கள். இவ்வளவு படித்தும் அந்தப் பச்சை வளையக் கருவி எந்த மாடல், எத்தனை கிளிக் என்று நான் சொல்லவே இல்லையே என்று உள்ளே ஒன்று குடைகிறதா? கட்டைவிரல் தேடவே ஆரம்பித்துவிட்டதா? எதிரே இருப்பவர் இப்போது ஏதோ கேட்டார். நீங்கள் "ம்" என்றீர்கள்.

எதற்கும் வீட்டில் மிளகு டப்பாவை அடிக்கடி திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்திருந்தால், கோபப்படாதீர்கள்.