அடிமண்

தார்ச்சாலையில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டது எவ்வளவு பெரிய தப்பு என்று மேஸ்திரிக்குக் காலை எட்டே காலுக்குத்தான் புரிந்தது.

“சார், எங்க துளை போடணும்னு மேஸ்திரியே குறிச்சு வெச்சிருக்காரு!” என்று மெஷின்காரன் கூவினான்.

அந்த இடத்துக்கு மெஷின் வந்துவிடக் கூடாதே என்று, தனக்கு அடையாளத்துக்காக மேஸ்திரி போட்ட குறி அது.

அந்த ‘சார்’ வேறு யாருமல்ல. ஆறு மாதம் முன்பு மேஸ்திரியின் மகளைக் கட்டிய மாப்பிள்ளை. சாலையின் தரம் பார்க்கும் இன்ஜினியர். வழக்கமாக வருபவருக்குக் காய்ச்சல் என்று இவரை அனுப்பிவிட்டார்கள். ஓர் இடத்தில் துளை போட்டு, மேல்தாரிலிருந்து அடிமண் வரை வெளியே எடுத்துப் பார்ப்பார். அடிமண் சரியில்லை என்றால் தெரு முழுவதையும் பெயர்த்துப் போட வேண்டும்.

தெரு கிடக்கட்டும். மானம் என்னாவது? ஆறு மாதமாகச் சாப்பாட்டு மேஜையில் தட்டுகளை அடுக்கி மாப்பிள்ளைக்குப் பாடம் நடத்தியவர் அவர்.

“இது மண்ணு, இறுக்கி உருட்டணும். மேல பெரிய ஜல்லி. அதுக்கு மேல பொடி ஜல்லி. அப்புறம் தாரைத் தெளிச்சு, சுடச்சுடக் கலவை. அடிமண் ஈரமா இருந்தா மேல தங்கத்தகடு போட்டாலும் குழிதான். மூணு தலைமுறையா ரோடு போடுறோம். எங்க ரோட்டுல ஒரு குழி காட்டச் சொல்லுங்க பார்ப்போம்!”

அடித்தட்டு எப்போதும் மாப்பிள்ளையுடையது. பாடம் முடியும்வரை அவர் பசியோடு காத்திருப்பார்.

குறி போட்டிருந்த குழாயடி வளைவில் அடிமண் ஈரம்தான். ரோலர் டிரைவர் அன்றைக்கே சொன்னார். “மேஸ்திரி, மண்ணு கொழகொழன்னு இருக்கு. ரெண்டு நாள் காயட்டும்.”

பத்துப் பேர் எதிரில் அவருக்கு மண்ணைப் பற்றி ஒருவர் சொல்வதா? “எனக்கே பாடமா? அது மேலயே ஜல்லியைக் கொட்டு! அப்படியே தெருக்கோடியில என் வாசல்ல இருக்கிற பள்ளத்தையும் சாயங்காலத்துக்குள்ள மூடு. எந்த மண்ணு, என்ன மண்ணுன்னு என்கிட்ட வந்து நிக்காதே!” என்று கத்திவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் வந்தபோது ஜல்லி பரப்பியாகிவிட்டது. அன்றிலிருந்து சரியான தூக்கமில்லை.

“குறியெல்லாம் இல்லப்பா, யாரோ பசங்க கிறுக்கினது” என்று மேஸ்திரி ஓடிப்போய், டீசலில் துணியை நனைத்துத் தேய்த்தார். குறி போயிற்று. கூடவே தாரும் இளகிப் பளபளவென்று ஒரு வட்டமாக நின்றது. ஓர் இரும்பு நாற்காலியை இழுத்து அதன்மேல் போட்டு உட்கார்ந்தார்.

“முப்பது வருஷத்துல வேலை இடத்துல நீங்க உட்கார்ந்து பார்த்ததில்லையே. உடம்புக்கு என்ன?” என்றார் ரோலர் டிரைவர்.

“முதுகுவலி. போய் வேலையைப் பாரு.”

“வேலைதான் முடிஞ்சு போச்சே.”

மாப்பிள்ளை வந்து மூக்கை உறிஞ்சினார். “டீசல் வாடை அடிக்குதே மாமா?”

“தைலம் மாப்பிள்ளை. முதுகுக்கு.”

நாற்காலியின் பின்கால்கள் மெல்லத் தாருக்குள் இறங்கத் தொடங்கின. மேஸ்திரியின் பார்வை மாப்பிள்ளையின் முகத்திலிருந்து மரக்கிளைக்கு உயர்ந்தது. அங்கிருந்து வானத்துக்குப் போயிற்று.

“மாமா, சாயறீங்க.”

“எங்க வம்சத்துல யாரும் சாய்ஞ்சதில்ல!”

“சரி, கொஞ்சம் எந்திரிங்க. தண்ணி தேங்குற வளைவு இது. இங்கதான் எடுத்துப் பார்க்கணும்.”

மேஸ்திரி நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார். எழுந்தால் வட்டம் தெரியும். வட்டத்துக்குக் கீழே மூன்று தலைமுறை தெரியும்.

“எடுக்கிறதுன்னா என் வீட்டு வாசல்ல எடுங்க மாப்பிள்ளை! பெரிய பள்ளம் இருந்த இடம். இப்ப கண்ணாடி மாதிரி கிடக்கு. உங்க அத்தையும் ஜன்னல்லேர்ந்து பார்க்கட்டும். என் வேலை என் வாசல்லயே தெரியட்டும்!”

மாப்பிள்ளை தயங்கினார். “நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா மாமா?”

“தைரியமா எடுங்க.”

மெஷின் வாசலுக்கு உருண்டது. ஜன்னலில் மனைவி நின்றாள். மகளையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். துளை போடும் சத்தம் தெருவெல்லாம் கேட்டது. தலை தப்பியது என்று மேஸ்திரி பெருமூச்சு விட்டு எழுந்தார். நாற்காலி மட்டும் நட்டுவைத்த மாதிரி சாலையில் சாய்ந்து நின்றது.

ரோலர் டிரைவர் நாற்காலியையும் வட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“குழாயடி ஈர மண்ணுக்கா இவ்வளவு பயந்தீங்க? அட, நீங்க கோவிச்சுக்கிட்டுப் போனதுமே அதை ஒட்ட வாரிட்டு, காய்ஞ்ச மண்ணைப் போட்டு உருட்டிட்டேன் மேஸ்திரி. இந்தத் தெருவுலயே கெட்டியான இடம் இதுதான்.”

மேஸ்திரிக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருடத்தில் முதல் தடவையாக டிரைவரின் தோளில் கை வைத்தார். “நல்லா இருப்பா. என் மானத்தைக் காப்பாத்தின. ஆமா, வாரின மண்ணை எங்க கொட்டின?”

“உங்க வாசல் பள்ளத்துலதான். எந்த மண்ணுன்னு வந்து நிக்காதேன்னு நீங்கதானே சொன்னீங்க?”