புதன்கிழமை ஆபரேஷன், வெள்ளிக்கிழமை கல்யாணம்

ஒரு கழுதைக்குக் கல்யாணம் நிச்சயமான அதே வாரத்தில் அதற்குக் காயடித்து வைத்தவன் நான். எடுத்த எடுப்பிலேயே இதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் எப்படியும் சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லும் கதையில் நான் இதைவிட மோசமானவன்.

மஸ்கட்டில் ஒரு குடோனில் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு, போதும் என்று ஊர் திரும்பியவன் நான். மனைவி தமிழரசி வீட்டுக்கு ஒரே பெண். மாமனாருக்குப் பூதலூருக்குத் தெற்கே, ஒரு கிளை வாய்க்காலின் கடைசியில் கொஞ்சம் நிலம் இருந்தது. "வந்து பாத்துக்கச் சொல்லும்மா" என்று அவர் சொன்னதாகத் தமிழரசி சொன்னாள். அவரே என்னிடம் சொல்லவில்லை. அவர் என்னிடம் நேராக எதையுமே சொன்னதில்லை. மாப்பிள்ளைக்கு மரியாதை கொடுக்கிறாராம். நானும் மாமனாருக்கு மரியாதை கொடுத்தேன். இப்படி மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்ட மரியாதையில், ஒரே கூரையின் கீழ் வருஷக்கணக்காக ஒரு வாக்கியம்கூடப் பேசாமல் குடித்தனம் நடத்தினோம்.

எல்லாம் தமிழரசி வழியாகத்தான் போகும், வரும். "மோட்டார் போட்டாச்சான்னு மாப்ளகிட்ட கேளும்மா" என்பார். நான் அவருக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருப்பேன். "போட்டாச்சுன்னு சொல்லு" என்பேன். (எங்கள் பக்கம் இதெல்லாம் சகஜம். சிரிக்காதீர்கள்.) தமிழரசி வீட்டில் இல்லாத நேரத்தில் அந்த உத்தியோகம் பசுமாட்டுக்குப் போய்விடும். "லட்சுமி, ரேஷன் கடை திறந்திருக்காம்" என்று அவர் மாட்டிடம் சொல்வார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவேன்.

இந்த வீட்டில் நானும் ஒரு ஆள்தான் என்று நிரூபிக்க வேண்டும் என்ற வெறி எனக்கு இருந்தது. அந்த வெறியில் செங்கல் சூளையில் விலைக்கு வந்த இரண்டு ஆண் கழுதைகளை வாங்கினேன். வரப்பில் டிராக்டர் போகாத இடத்துக்கு எருவும் நாற்றுக்கட்டும் சுமக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். துரை, ஜமீன் என்று பெயர் வைத்தேன். பெயர் வைத்ததுதான் தப்பு என்று நினைக்கிறேன், இரண்டும் அதற்கேற்றபடி நடக்க ஆரம்பித்தன. வேலை செய்யாது. ஒன்றை ஒன்று கடிக்கும். கயிற்றை அறுத்துக்கொண்டு அடுத்தவர் நாற்றங்காலில் படுத்துப் புரளும். ஆற்றுக்கு அக்கரையில் எங்கோ ஒரு பெட்டைக் கழுதை இருப்பது காற்று வாக்கில் தெரிந்துவிட்டால் அன்றைக்கு அவற்றை அடைத்து வைத்த மோட்டார் கொட்டகைக் கதவு காலி.

கால்நடை டாக்டரம்மாவிடம் போய் அழுதேன். சின்ன வயசுக்காரர், சுறுசுறுப்பானவர். "ரெண்டுத்துக்கும் காயடிச்சுடலாம் சார். சாதுவாயிடும்" என்றார்.

சிக்கல் என்னவென்றால் மாமனாருக்குத் துரையின் மேல் பெரிய பக்தி. வெளியே கிளம்பும்போது கழுதை கத்தினால் போகிற காரியம் ஜெயம் என்று அவர் துரை கத்தும்வரை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நிற்பார். அவரிடம் கேட்டால் நடக்காது. கேட்பதற்கும் ஆள் இல்லை. தமிழரசி, பெரியம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போய்விட்டு, அப்படியே மயிலாடுதுறையில் உறவுக்காரர்களோடு தங்கியிருந்தாள். புதன்கிழமை மாமனார் ஏதோ கோயில் கூட்டம் என்று காலையிலேயே கிளம்பினார். அவர் தலை மறைந்ததும் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

மாட்டுக்குப் போடுகிற மாதிரி இடுக்கி வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் முடிந்தது என்று நினைத்திருந்தேன். "இது மாடு இல்ல சார், அறுத்துத்தான் எடுக்கணும்" என்றார் டாக்டரம்மா. மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் வைக்கோலைப் பரப்பி, ஊசி போட்டுத் துரையைச் சாய்த்தார். தலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா பதறினார்.

"என்ன சார், தலை ஆடுது? முழிச்சுக்கிச்சா?"

"இல்ல மேடம். நான்தான் நடுங்குறேன்."

துரை முடிந்து ஜமீனும் முடிந்தது. டெட்டனஸ் ஊசி போட்டு, ஈ அண்டாமல் ஊதா மருந்து அடித்தார். "குளிப்பாட்டாதீங்க. காலையும் சாயங்காலமும் நல்லா நடத்திக் கூட்டிட்டுப் போங்க, அப்பத்தான் வீக்கம் வத்தும். வெள்ளிக்கிழமை வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியில் ஏறினார். கஷ்டமான ஒரு காரியத்தைக் கச்சிதமாக முடித்த திருப்தியில் அன்றைக்கு நானே எனக்கு ஒரு ஆம்லெட் போட்டுச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் மாமனார் வந்தார். முகம் மலர்ந்திருந்தது. நேராக மாட்டிடம் போனார்.

"லட்சுமி, வெள்ளிக்கிழமை காலைல நம்ம துரையை நல்லாக் குளிப்பாட்டி வைக்கணும்."

மாட்டின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு சொன்னேன்: "இந்த வாரம் அதுக்குத் தண்ணி ஆகாது லட்சுமி."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அதுவும் சரிதான். மஞ்சத்தண்ணி தெளிச்சாப் போதும்."

மஞ்சள் என்றதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனுஷருக்கு எப்படியோ விஷயம் தெரிந்திருக்கிறது, கோபப்படாமல் புண்ணுக்கு மருந்து சொல்கிறார், எப்பேர்ப்பட்ட பெருந்தன்மை என்று நினைத்தேன். (இப்போது நினைத்தாலும் எனக்கு என்னையே நாலு சாத்து சாத்த வேண்டும் போல இருக்கிறது.)

வியாழக்கிழமை சாயங்காலம் தமிழரசி போன் செய்தாள்.

"ஏங்க, நம்ம துரைக்குக் கல்யாணமாமே! அப்பா இப்பத்தான் போன்ல சொன்னாரு. உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு."

அந்த வருஷம் ஐப்பசி பாதி ஆகியும் மழை இல்லை. நேரடி விதைப்பு செய்த சம்பா, ஒரு சாண் எழும்பி அப்படியே நின்றுவிட்டது. வாய்க்காலில் வந்த தண்ணீர் எங்கள் வயலுக்கு முன்னாலேயே தீர்ந்துபோனது. வெடிப்பில் கால் போகிற அளவுக்கு நிலம் பிளந்திருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் மழை இல்லையென்றால் ஊர் மொத்தமும் பயிரை மாட்டுக்கு விட வேண்டியதுதான். அதனால் புதன்கிழமை கோயில் கூட்டத்தில் மழை வேண்டிக் கழுதைக் கல்யாணம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். பெண் அக்கரை ஊர்க் கழுதை. "மாப்ள என் வீட்டுத் துரைதான்" என்று மாமனார் சபையில் எழுந்து வாக்குக் கொடுத்திருக்கிறார். நான் அதே நேரத்தில் துரையின் தலையைப் பிடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தேன்.

விஷயத்தைச் சொன்னேன். தமிழரசி சிரித்த சிரிப்பில் போனை வேறு யாரோ வாங்கி, "என்ன தம்பி, பொண்ணுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள்.

ஒருவழியாக அடங்கிவிட்டுச் சொன்னாள். "வாயைத் திறக்காதீங்க. நாளைக்குக் காலைல நானே வந்து அப்பாகிட்ட பக்குவமா சொல்றேன். அதுவரைக்கும் துரைக்கு ஒரு வேட்டியைக் கட்டிவிடுங்க."

காலையில் பஸ் வரவில்லை. மாப்பிள்ளை அழைப்புக்கு மேளம் மட்டும் வந்துவிட்டது. என் கல்யாண வேட்டியைத் துரையின் இடுப்பைச் சுற்றிக் கட்டினேன். ஜரிகைக் கரை எல்லாவற்றையும் மறைத்தது. துண்டில் தலைப்பாகை, கழுத்தில் மாலை. ஜமீனுக்கும் ஒரு துண்டைச் சுற்றி மாப்பிள்ளைத் தோழன் ஆக்கினேன். இரண்டும் காலை அகட்டி அகட்டி நடந்து வந்ததைப் பார்த்துவிட்டு, கோயில் காரியங்களை முன்நின்று நடத்தும் பக்கிரிசாமி அண்ணன், "மாப்ள நடையிலேயே ஒரு மிடுக்கு இருக்கு பாருங்க" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

பெண் வீட்டார் குட்டியானை வண்டியில் வந்து இறங்கினார்கள். மணப்பெண் சிவப்புப் புடவையில், முகம் நிறையப் பவுடரும் பொட்டுமாக இருந்தாள். தாம்பூலத் தட்டு, பழம் என்று சீர் வேறு. மாமனார் சம்பந்தியாகக் கை கூப்பி வரவேற்றார். தமிழரசியின் கல்யாணத்தில்கூட அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. துரை தன் மாலையில் பாதியைத் தின்று முடித்திருந்தது. ஐயர் தாலியை எடுக்கப் போனார்.

அப்போதுதான் ஸ்கூட்டி வந்து நின்றது. வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொன்னவர் சொன்னபடி வந்துவிட்டார்.

டாக்டரம்மாவுக்குக் கூட்டத்தைப் பார்த்து ஆச்சரியம்தான். ஆனாலும் நோயாளி மேல்தான் அவர் கண். "ஊர்வலமா நடத்திக் கூட்டிட்டு வந்தீங்களா? வெரி குட் சார்" என்றபடி நேராகத் துரையிடம் வந்து, குனிந்து, என் கல்யாண வேட்டியைத் தூக்கினார். ஊதா மருந்தை ஒரு அடி அடித்தார். நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "விதை எடுத்த இடம் நல்லா ஆறுது. வீக்கமே இல்ல" என்றார்.

தவில்காரர் கையை நிறுத்தினார்.

"எடுத்தாச்சா?" என்றார் பெண் வீட்டுக்காரர். "என்னய்யா இது? எங்க பொண்ணை இதுக்கா கட்டிக்கொடுக்கறது? சொல்ல வேணாமா முன்னாடியே? ஏத்துங்கடா வண்டியில!"

மாமனார் முகம் வெளுத்துவிட்டது. சபையில் கொடுத்த வாக்கு, இரண்டு ஊர் ஜனம், காய்ந்து கிடக்கிற வயல். அவர் இந்தப் பக்கம் பார்த்தார், தமிழரசி இல்லை. அந்தப் பக்கம் பார்த்தார், லட்சுமி இல்லை. கடைசியில் வேறு வழியே இல்லாமல், வாழ்க்கையில் முதல் தடவையாக, என்னை நேருக்கு நேர் பார்த்துக் கேட்டார்.

"என்ன பண்ணினீங்க மாப்ள?"

"புதன்கிழமை காயடிச்சுட்டேன் மாமா. அதுங்க பண்ற அழும்பு தாங்கலை. கல்யாணம் இருக்கறது எனக்குத் தெரியாது மாமா. சத்தியமா தெரியாது."

பெட்டியைக் கட்டிக்கொண்டு மறுபடி மஸ்கட்டுக்கே போக வேண்டியதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். அவரோ பெண் வீட்டார் பக்கம் திரும்பினார்.

"எங்க மாப்ள எது செஞ்சாலும் காரணத்தோடதான் செய்வாரு. சொல்லாம விட்டது என் தப்பு. டாக்டரம்மா, நீங்களே சொல்லுங்க. துரை இப்ப ஆம்பளையா, இல்லையா?"

'எங்க மாப்ள' என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கழுதை விஷயமே கொஞ்ச நேரத்துக்கு மறந்து போயிற்று.

டாக்டரம்மா இப்படி ஒரு கேள்வியைப் பரீட்சையில்கூடச் சந்தித்திருக்க மாட்டார். நேர்மையாகப் பதில் சொன்னார். "எடுத்தாலும் உள்ள கொஞ்சம் மிச்சம் இருக்கும்ங்க. ஒரு மாசம் வரைக்கும் சினை பிடிக்க வாய்ப்பு இருக்கு. அதனாலதான் பெட்டைகிட்ட விடாதீங்கன்னு சொல்றோம்."

பக்கிரிசாமி அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்புறம் என்ன? ஒரு மாசத்துக்கு மாப்ள மாப்ளதான். அதுக்குள்ள மழை வந்தாப் போதும்ல?"

பெண் வீட்டார் வண்டிக்குப் பின்னால் போய்க் கலந்து பேசினார்கள். வண்டி வாடகை, சமைத்த சாப்பாடு, நல்ல நேரம் எல்லாவற்றையும் யோசித்திருப்பார்கள். சம்மதித்தார்கள். தாலி கட்டியாயிற்று. கட்டிய கையோடு மணப்பெண்ணை வண்டியில் ஏற்றி அனுப்பும்வரை டாக்டரம்மா அந்த இடத்தை விட்டு நகரவில்லை. சாம்பார் வாளி வந்துகொண்டிருந்தபோது தமிழரசி பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். அவள் வந்து பக்குவமாகச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அப்பாவும் புருஷனும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, யார் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று நேராகவே சண்டை போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து அவள் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் வரப்பில் நின்று வானத்தைப் பார்த்தோம். "உங்க போன் என்ன சொல்லுது மாப்ள?" என்று கேட்பார். "அந்தமான் பக்கம் ஏதோ சுத்துதாம் மாமா" என்பேன். பேச ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, மனுஷர் சரியான வாயாடி. இத்தனை வருஷம் எப்படி அடக்கி வைத்திருந்தார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

மாசம் முடிவதற்குள் மழை வந்தது. நின்று நிதானமாக, பயிர் கேட்ட மாதிரி பெய்தது. சம்பா தப்பித்தது. அக்கரைக்காரர்கள் தங்கள் பெண்ணின் ராசி என்றார்கள். எங்கள் ஊர் அதை ஏற்கவில்லை. கழுதைக் கல்யாணம் இதற்கு முன்னாலும் செய்திருக்கிறோம், அப்போதெல்லாம் தூறல்கூட இல்லை, இந்தத் தடவை புதிதாகச் செய்தது என்ன என்று யோசித்தார்கள். யோசித்து ஒரு முடிவுக்கும் வந்துவிட்டார்கள்.

போன வருஷமும் ஐப்பசி ஏமாற்றியது. பக்கிரிசாமி அண்ணன் நாலு பேரோடு வீட்டுக்கு வந்தார். தமிழரசி காபி கொடுத்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், மெதுவாகக் கேட்டார்.

"டாக்டரம்மாவை ஒரு தடவை கூப்பிட முடியுமா தம்பி? உங்க வீட்டுல இன்னும் ஏதாச்சும் மிச்சம் இருக்கா?"

நான் பதில் சொல்வதற்குள் மாமனார் முந்திக்கொண்டார். "துரைக்கும் ஆச்சு, ஜமீனுக்கும் ஆச்சு. இந்த வீட்டுல இனிமே மிச்சம் இருக்கறது எங்க மாப்ள ஒருத்தர்தான்."

பக்கிரிசாமி அண்ணன் சிரிக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். வாசல் வழியே வயலையும் ஒரு பார்வை பார்த்தார்.

"வேணாம்ங்க" என்றார். "அந்த அளவுக்கு இன்னும் காயலை."

இப்போதெல்லாம் குழாயில் கொஞ்சம் மெதுவாகத் தண்ணீர் வந்தால்கூடப் போதும், தமிழரசி சமையல்கட்டிலிருந்து குரல் கொடுக்கிறாள். "ஏங்க, டாக்டரம்மா நம்பர் உங்க போன்ல இருக்குல்ல?"