இருபதுக்குப் பத்தில் என் முகம்

மல்லசமுத்திரம்,
கார்த்திகை 6

மதிப்பிற்குரிய பிரபாகர் மாமா அவர்களுக்கு,

தங்கள் அக்கா மகள் இலக்கியா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, அண்ணன், ஆடு பதினொன்று, எல்லோரும் சுகம். சங்ககிரியில் தாங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள், தங்கள் லாரி ஆபீசில் லோடுக்கும் குறைவிருக்காது என்று நம்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தாங்கள் போன் செய்து, தை மாதம் அண்ணன் கல்யாணத்துக்கு இருபதுக்குப் பத்து பேனர் வைக்கப்போவதாகவும், மாப்பிள்ளைக்கு ஒரே தங்கச்சி என்பதால் என் முகமும் அதில் ஒரு ஓரமாக ஆறடி உயரத்துக்கு வரும் என்றும், நல்ல போட்டோ ஒன்று அனுப்பும்படியும் சொன்னீர்கள். நான் "ம்" என்றேன். ஆளை நேரில் பார்த்தாலே எனக்குப் பேச்சு வராது, போனில் சுத்தமாக வராது என்பது தங்களுக்குத் தெரியும். அந்த "ம்" சம்மதம் இல்லை மாமா. தாங்கள் பேசுவது காதில் விழுகிறது என்பதற்காகச் சொன்னது. தயவுசெய்து என் முகத்தைப் போட வேண்டாம். காரணம் கொஞ்சம் நீளம்.

மூன்று வருடம் முன்பு எனக்குச் சீர் செய்தபோது, தாய்மாமன் முறைக்குத் தாங்கள் பஸ் ஸ்டாப்பில் வைத்த பேனரும் இருபதுக்குப் பத்துதான். நடுவில் என் முகம், பின்னால் அருவி, பக்கத்தில் இரண்டு அன்னம், மூலையில் கறுப்புக் கண்ணாடி போட்டு செல்போனில் பேசியபடி தாங்கள். விசேஷம் முடிந்ததும் அதைக் குழியில் போட்டு மூடிவிடலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். மூன்று வருடத்தில் நான் அவரிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். "நல்ல சாமானைக் குழியில போடறதா, கெட்டியாத்தான் அடிச்சிருக்காரு உங்க மாமன்" என்று அப்பா சுருட்டி எடுத்து வந்துவிட்டார். எங்கள் வீட்டில் எதையும் தூக்கிப்போடுவதில்லை என்ற வழக்கத்தில் பாதி நான் செய்து வைத்தது. பத்தாவதோடு நின்றபிறகு எனக்கு அதுதானே வேலை. ஓடாத வாஷிங் மெஷினின் தொட்டியில் கறிவேப்பிலை, உடைந்த மிக்ஸி ஜாரில் கொத்தமல்லி, லாரி டயரில் கோழிக்குத் தண்ணீர். கோழிப் பண்ணையில் நனைந்து வீணாய்ப் போகிற முட்டை அட்டையை வாங்கிவந்து, குழிக்கு ஒரு விதையாக மிளகாய் நாற்று விடுகிறேன். நட்டுவிட்டால் அட்டையும் மண்ணோடு மக்கிப் போகும். இத்தனையும் செய்துவிட்டு என் முகத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்க எனக்கு நியாயம் இல்லை.

முதலில் அது ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையானது. வெள்ளைப் பக்கத்தை மேலே போடலாம் என்று நினைத்தேன், படம் அடித்த பக்கம்தான் மழை தாங்கும் என்று அப்பா அதை மேலே போட்டார். சரி, வானம் மட்டும்தானே பார்க்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். பக்கத்துக் காட்டில் செல்போன் டவர் இருப்பதை மறந்துவிட்டேன். அதில் ஏறி வேலை செய்த மூன்று பேர் இறங்கி வந்து தண்ணீர் கேட்டார்கள், சொம்பைக் கொடுத்ததும் ஒருத்தர் என்னைப் பார்த்து, கூரையைப் பார்த்து, அன்னம் எங்கேம்மா என்றார். அன்றைக்குச் சாயங்காலமே திருப்பிப் போட்டேன். அப்புறம் முகம் கீழே பார்த்து ஆட்டுக்கு நேர் மேலே தொங்க ஆரம்பித்தது, ஆடெல்லாம் தழையைத் தின்னாமல் அண்ணாந்தே நின்றன, கிடாய் மட்டும் பின்னங்காலில் எழுந்து என் மூக்கை முட்டி முட்டி ஓட்டை போட்டுவிட்டது. அடுத்த ஆடிக்காற்றில் மூக்கிலிருந்து தாடை வரைக்கும் கிழிஞ்சு போச்சு.

கிழிஞ்சதை அப்பா சும்மா விடுவாருங்களா, ஒழுங்கா வெட்டி வேணும்னு கேட்டவங்களுக்கெல்லாம் கொடுத்துட்டாரு. எதிர்வீட்டுச் செல்லாயி அக்கா இடது கன்னத்தை வாங்கிட்டுப் போய் ரோட்டோரமா விரிச்சு மிளகா காயப்போட்டுருக்காங்க. டவுன் பஸ்ஸு அதை ஒட்டித்தான் திரும்பும், நான் பஸ்ஸுல இருந்தா அந்த எடத்துல குனிஞ்சுக்குவேன். கண்ணு ரெண்டும் இருக்கிற துண்டை வீரபாகு அண்ணன் கேட்டாரு, கேரளாவுக்கு முட்டை லோடு ஓட்டறாரே அவருதான், தார்ப்பாய் கிழிஞ்சிருக்குன்னு லாரிக்குப் பின்பக்கம் கட்டிட்டாரு. வாரம் ரெண்டு தடவை என் கண்ணு பாலக்காடு போயிட்டு வருது, நான் இன்னும் கோயமுத்தூரே பார்த்ததில்லைங்க. கழட்டிக் கொடுத்துருங்கண்ணான்னு ஒருநாள் எப்படியோ கேட்டுட்டேன். அதுக்கு அவரு, "அது மட்டும் கேக்காத சாமி, உன் கண்ணைப் பார்த்துட்டு பின்னாடி வார வண்டியெல்லாம் பத்தடி தள்ளியே வருது"ன்னாரு.

தங்கள் படத்தை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை மாமா. ஆட்டுத் தீவனத்துக்கு அசோலாப் பாசி வளர்க்கக் குழி வெட்டி, தண்ணீர் இறங்காமலிருக்க அந்தத் துண்டைத்தான் அடியில் விரித்திருக்கிறோம். பாசியை அள்ளும்போதெல்லாம் ஆறு அங்குலத் தண்ணீருக்கடியில் தாங்கள் போன் பேசுவது நன்றாகத் தெரிகிறது. என் தம்பி அழகு என்று அம்மா ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் அள்ளுவாள்.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கலாங்க. போன மாசம் சேந்தமங்கலத்துல இருந்து மகளிர் குழுக்காரங்க நாலு பேரு வந்தாங்க, மூவாயிரம் மிளகா நாத்து வேணும்னு. என் நாத்தைப் பத்திக் கேள்விப்பட்டு, என்னைத் தேடி அவ்வளவு தூரத்துல இருந்து வந்த மொத ஆளுங்க அவங்கதான். அவங்க ஊருக்குள்ள நுழைஞ்சு, இலக்கியா ஊடு எதுன்னு கேட்டுருக்காங்க. யாருக்கும் தெரியலை. திரும்பிப் போகப் பார்த்தப்ப செல்லாயி அக்காதான், "பேனர்ப் புள்ளையா? அப்படிக் கேட்டாத்தானே தெரியும்"னு கூட்டிட்டு வந்தாங்க. இன்னொரு பேனர் வந்தா இன்னொரு பத்து வருசத்துக்கு நான் அந்தப் பேரோடதான் இருக்கணும் மாமா. எனக்கு நாத்துக்காரின்னு பேர் வந்தாப் போதும். அதனால புது பேனரில் அண்ணனும் அண்ணியும் தாங்களும் இருந்தால் நிறைவாக இருக்கும் என்று மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அத்தைக்கும் தங்களுக்கும் என் வணக்கம். தங்கள் ஆசி என் தலைமேலும் என் நாற்றின் மேலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மரியாதையுள்ள மருமகள்
இலக்கியா

பி.கு. கடிதத்தை ஒட்டி அனுப்புவதற்குள் நேற்று ராசிபுரம் பக்கமிருந்து பெரிய மழை வந்துவிட்டது. நாற்றுக்கு மேலே சிமெண்டுச் சாக்குகளைத் தைத்துப் போட்டிருந்தேன், தண்ணீர் தேங்கி மொத்தமாக உட்கார்ந்துவிட்டது. இரண்டு அட்டை போனது, மற்றதை அம்மாவும் நானும் குடை பிடித்துக் காப்பாற்றி வைத்திருக்கிறோம். குழுக்காரர்கள் எடுத்துப்போக வர இன்னும் பதினாறு நாள் இருக்கிறது, மழையும் இருக்கிறது. ஆகவே பேனரை உடனே அடித்துவிடுங்கள் மாமா. இருபதுக்குப் பத்து போதாது, முப்பதுக்குப் பதினைந்து வேண்டும். தாங்கள் கேட்ட போட்டோ இத்துடன் இருக்கிறது. கல்யாணம் தையில்தான் என்றாலும் வருகிற வெள்ளிக்கிழமையே வைத்துவிட்டு, சனிக்கிழமை காலையில் எனக்குக் கொடுத்துவிடுங்கள். என் முகத்தை ஓரத்தில் போட வேண்டாம், ஓரமெல்லாம் கயிறு கட்ட வேண்டும், கிழிந்துவிடும். நடுவிலேயே போடுங்கள், அண்ணனையும் அண்ணியையும் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்ளச் சொல்கிறேன். முகம் எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் இருக்கட்டும். துணி மட்டும் கெட்டி ரகமாகப் பார்த்து அடிக்கச் சொல்லுங்கள்.